மஞ்சள் நூடுல்ஸ்

ஆஃப்ஷீன் ஒரே ஒரு இழையை எடுத்தாள். இரண்டு முனையையும் பிடித்துக் கண்ணுக்கு நேராக உயர்த்தி மெதுவாக இழுத்தாள். இழை பட்டென்று அறுந்தது. அறுந்த துண்டுகளைத் தட்டிலேயே போட்டாள். தட்டை இரண்டு விரலால் தள்ளிவிட்டு எழுந்து போய் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவ்வளவுதான். அழுகை இல்லை, அடம் இல்லை. தஸ்லிமுக்கு அதுதான் தாங்கவில்லை. அழுதால் சமாதானம் செய்யலாம், அடம் பிடித்தால் அதட்டியாவது பார்க்கலாம். தீர்ப்பைச் சொல்லிவிட்டு எழுந்து போகிற நீதிபதியிடம் என்ன பேச முடியும்?

தரையில் உட்கார்ந்தபடியே அவள் தட்டைப் பார்த்தாள். மைதா, முட்டை, உப்பு, தண்ணீர். எல்லாம் அவள் கையால் பிசைந்து, தேய்த்து, மடித்து, அரிந்து, வேகவைத்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்து என்ன செய்ய? தின்ன வேண்டியவள் தின்னவில்லையே.

மகளுக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன வார்த்தையைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் தஸ்லிம் "அவ அப்படித்தான்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். அப்படித்தான் என்பதில் எல்லாமே அடக்கம். சத்தம் ஆகாது, புது உடுப்பு ஆகாது, முகத்தை யாரும் தொடக் கூடாது. சாப்பாட்டில் ஒரே ஒரு பொருள்தான் ஆகும். அந்த ஒன்று கிடைக்காமல் போய் நாளாகிறது. கடையில் விற்கும் பால் பிஸ்கட்டைத் தண்ணீரில் தோய்த்து நாலு வாய் தின்பாள், சில நாள் அதுவும் இல்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. குளிப்பாட்டும்போது அந்தக் குழியில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துவிட்டுத் தஸ்லிம் குளியலறையிலேயே அழுதிருக்கிறாள்.

தஸ்லிம் பிறந்து வளர்ந்தது சாமல்பட்டிப் பக்கம். அத்தா லால் பாஷா வாரச் சந்தைகளில் ரெடிமேட் துணி விற்பவர். வீட்டில் பஞ்சம் என்று சொல்ல முடியாது. தண்ணீரில்தான் கோளாறு. அந்த ஊர் போர் தண்ணியில் சோறு வடித்தால் சோறு மஞ்சள் பாரித்து வரும், பருப்பு அரை நாள் அடுப்பில் கிடந்தாலும் வேகாது. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் காவிக் கோடு விழும். தஸ்லிமுக்குச் சற்று அதிகமாகவே விழுந்திருந்தது. முன்பல் எல்லாவற்றிலும் குறுக்கே பழுப்புப் பட்டை. பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த டீச்சர் வகுப்பு நடுவே நிறுத்தி, "பல்லு விளக்கற பழக்கம் இல்லியா உனக்கு?" என்று கேட்டார். அன்று வீட்டுக்கு வந்தவள் செங்கல் பொடியை வைத்து ஈறில் ரத்தம் வரத் தேய்த்தாள். கோடு போகவில்லை. கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பழக்கம் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

பெண் பார்க்க வந்தபோது அவள் வாயே திறக்கவில்லை. பொண்ணு ரொம்ப அடக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் சந்தோஷமாகப் போனார்கள். நிக்காஹ் முடிந்து ஓசூருக்கு வந்த முதல் வாரம், புருஷன் சமீர் பாத்ரூமில் வழுக்கி விழப்பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டு ஆடினான். இவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். சமீர் பார்த்தான். மறுநாள் கம்பெனியிலிருந்து வரும்போது பெரிய டூத்பேஸ்ட் ஒன்றை வாங்கி வந்து அலமாரியில் வைத்தான். நல்ல மனசுதான். ஆனால் அந்த டூத்பேஸ்டைப் பார்க்கும்போதெல்லாம் தஸ்லிமுக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

வயிற்றில் பிள்ளை தங்கியதும் அவள் வீடு மாற்றச் சொன்னாள். புது வீட்டின் சொந்தக்காரி வெங்கடம்மாளிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, அறை எத்தனை என்றல்ல, என்ன தண்ணி வருகிறது என்பதுதான். ஒகேனக்கல் பைப்பு உண்டு, காவேரித் தண்ணீர் முறை வைத்து வரும், பாத்ரூம் குழாயில் மட்டும் போர் தண்ணி என்றாள் வெங்கடம்மாள். தஸ்லிம் அங்கேயே சரி என்று தலையாட்டிவிட்டாள். அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்க, சமைக்க நல்ல தண்ணி. குளிக்க, துவைக்கப் போரிலிருந்து வரும் உப்புத் தண்ணி. தஸ்லிம் வீட்டில் இந்தப் பிரிவினை மார்க்கச் சட்டம் போல இருந்தது. பிள்ளை வாய் கொப்பளிப்பதற்குக்கூட நல்ல தண்ணிதான். வெங்கடம்மாள் தெலுங்குக்காரி, மனதில் பட்டதைச் சொல்லிவிடுபவள். "ஏம்மா, உன் பிள்ளைக்குக் காலு கழுவறதுக்கும் காவேரியே வேணுமா?" என்று கேலி செய்வாள். தஸ்லிம் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அவள் பல்லை ஆசையாகப் பார்த்த ஒரே ஜீவன் ஆஃப்ஷீன்தான். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காத பிள்ளை, மடியில் ஏறி உட்கார்ந்து அம்மாவின் மேலுதட்டை விரலால் தூக்கி, பல்லில் இருக்கும் கோடுகளின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலை ஓட்டும். அதில் அதற்கு என்ன சுகமோ. தஸ்லிம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

நூடுல்ஸ் வந்த கதை இதுதான். தெருமுனையில் ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்தில் முனிவேல் என்பவர் ஃபாஸ்ட் ஃபுட் வண்டி போட்டிருந்தார். பெங்களூரில் ஒரு ஹோட்டலில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பாக்கெட் நூடுல்ஸை அவர் தொடமாட்டார். மத்தியானமே வீட்டில் முட்டை போட்டு மாவு பிசைந்து, கையால் அரிந்து, வேகவைத்து, எண்ணெய் தடவி, பெரிய பேசினில் ஈரத்துணி போட்டு மூடிக் கொண்டுவருவார். ஒரு சாயங்காலம் தஸ்லிம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போது, பிள்ளை திடீரென்று கையை உதறிக்கொண்டு பேசினுக்குள் கைவிட்டுவிட்டது. தஸ்லிமுக்கு உயிரே போய்விட்டது. முனிவேல் திட்டவில்லை. "உடுங்க பாப்பாவ, என்னா பண்றான்னு பாப்பம்" என்றார். பிள்ளை ஓர் இழையை எடுத்து இழுத்தது. இழை நீண்டது. விட்டதும் சுருங்கித் துள்ளியது. மறுபடி இழுத்தது, மறுபடி துள்ளியது. பிறகு அதை வாயில் போட்டு மென்றது. அதுவரை கஞ்சியையும் பிஸ்கட்டையும் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளை.

அன்றிலிருந்து தினமும் மசாலா, சாஸ் எதுவும் போடாமல் ஒரு டப்பா தனியாக எடுத்துவைத்துவிடுவார். பாப்பா நூடுல்ஸ் என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. ஆஃப்ஷீன் கன்னம் உப்பினாள். தஸ்லிம் தொழுகைக்குப் பின் கேட்கும் துஆவில் முனிவேல் பெயரும் சேர்ந்துகொண்டது. ஆனால் பிள்ளை கஞ்சியைக் கைவிட்டது, பிஸ்கட்டைக்கூட எப்போதாவதுதான் தொட்டது. சில பிள்ளைகள் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதை விட்டுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று தெரபி கொடுக்கும் பெண் ஸ்வாதி எச்சரித்திருந்தாள். தஸ்லிம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயிறு நிறைகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு எச்சரிக்கை எங்கே ஏறும்?

அப்புறம் முனிவேலுக்கு ஓமனில் லேபர் கேம்ப் சமையல்காரர் வேலை கிடைத்தது. போகிற அன்று ஒரு பெரிய டப்பா நிறையச் செய்து கொடுத்துவிட்டுப் போனார். டப்பா காலியானது. அங்கிருந்துதான் கஷ்டகாலம்.

பாக்கெட் நூடுல்ஸ் எல்லாம் வாங்கிப் பார்த்தாயிற்று. மற்ற வண்டிகளில் வாங்கிப் பார்த்தாயிற்று. பிள்ளை கையால்கூட எடுக்கவில்லை. கடைசியில் முனிவேலுக்கே போன் போட்டாள். அவர் ஒளிவுமறைவே இல்லாத மனிதர். ஷிஃப்ட் நடுவே வெளியே வந்து நின்று, பெரிய பெரிய வாய்ஸ் மெசேஜாகச் சொல்லி அனுப்பினார்.

"மைதாவ மலையாட்டம் குவிச்சி நடுவுல குழி பண்ணிக்கம்மா. அதுல முட்டய ஒடச்சி ஊத்து. உப்பு ஒரு சிட்டிக. தண்ணி தெளிச்சி தெளிச்சித்தான் பெசையணும், ஊத்திடாத. சப்பாத்தி மாவு மாதிரி இருக்கப்படாது, கல்லு மாதிரி இருக்கணும். ஈரத்துணி போட்டு மூடி ஊற உடு. அப்பறம் நல்லா பேப்பராட்டம் தேச்சி, மாவு தூவி மடிச்சி, சன்னமா அரி. தள தளன்னு கொதிக்கிற தண்ணில போட்டு எடு. அவ்ளதாம்மா. வேற ஒண்ணும் கெடயாது, சத்தியமா."

சத்தியமாக வேறு ஒன்றும் கிடையாதுதான். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தஸ்லிம் அப்படியே செய்தாள். மாவு கல்லாக இருந்ததால் உள்ளங்கை கன்றிப்போனது. பிள்ளை இழுத்தது, இழை அறுந்தது.

மாவை இன்னும் கெட்டியாகப் பிசைந்தாள். அறுந்தது. அதிக நேரம் ஊறவிட்டாள். அறுந்தது. வேகும் நேரத்தைக் குறைத்தாள், இழை உள்ளே மாவாக நின்றது. முனிவேலின் நூடுல்ஸ் நல்ல மஞ்சளாக இருக்குமே, முட்டை போதவில்லை போலிருக்கிறது என்று முட்டையைக் கூட்டினாள். மஞ்சள் கரு மட்டும் போட்டாள். நாட்டுக்கோழி முட்டை, அப்புறம் வாத்து முட்டை. மஞ்சள் தூள் ஒரு துளி சேர்த்துப் பார்த்தாள். பிள்ளை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டு ஆப்ப சோடா போட்டாள். தட்டு பக்கத்தில் வரும்போதே பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஓடியது. மூக்கைப் பொத்த வேண்டிய இடத்தில் காதைப் பொத்துவது அதன் வழக்கம்.

ஊரில் உள்ளவர்களுக்கு ஆலோசனைக்கா பஞ்சம்? "பசிச்சா தானா திங்கும்மா. ரெண்டு வேள சும்மா உடு" என்றாள் வெங்கடம்மாள். மற்ற பிள்ளைகளுக்குச் சரி. இந்தப் பிள்ளைக்குப் பசிப்பது தெரியுமா என்பதே யாருக்கும் தெரியாது. பட்டினி கிடந்து சுருண்டு படுக்குமே தவிர, கேட்காது. அப்படிக் கிடந்தே போய்ச் சேர்ந்துவிடுமோ என்று தஸ்லிம் பயந்தாள். இப்படி ஒரு வார்த்தை மனதில் வந்ததற்கே யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சமீர் வண்டி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். லீவு கேட்டால் லைன் நின்றுவிடும் என்பார்கள். அவனும் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் வந்தான். டாக்டர் எடை பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், பேனாவை மூடிவைத்தார்.

"இன்னும் எறங்கினா வீட்ல வெச்சிருக்க முடியாதும்மா. திங்கக்கிழம கொண்டு வாங்க. அதுக்குள்ள சாப்பிட ஆரம்பிச்சா சரி. இல்லன்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா ட்யூப் வெச்சுத்தான் குடுக்கணும்."

ட்யூப் என்ற வார்த்தையைக் கேட்டதும் தஸ்லிமின் கை தானாக மகளின் முகத்தை மறைத்தது. மூன்று வயதில் காய்ச்சலுக்கு ட்ரிப் ஏற்றுவதற்காக ஆஃப்ஷீனை நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, உயிரைக் காப்பாற்றத்தான் பிடித்தார்கள். பிள்ளை குரல் போகும்வரை கத்தியது. அதற்குமுன் அதன் வாயில் 'மா' என்று ஒரே ஒரு சொல் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அது திரும்ப வரவே இல்லை. இப்போது மூக்கில் குழாயை விட்டு, கையைக் கட்டிப்போட்டால்? இந்தத் தடவை எது போகும்? மடியில் ஏறி உட்காருவது போகுமா? பல்லைத் தடவுவது போகுமா?

"சாப்புட்டுடுவா. நான் செஞ்சிடுவன்" என்றாள் டாக்டரிடம். சொன்ன குரலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நல்ல தண்ணிக் குழாயில் காற்றுதான் வந்தது. எங்கோ ரோடு போடுகிற இடத்தில் ஒகேனக்கல் பைப்பை உடைத்துவிட்டார்களாம். தெருவே குடத்தோடு வெளியே நின்று திட்டிக்கொண்டிருந்தது. தஸ்லிம் வீட்டு டிரம்மில் அடித்தண்ணீர்தான் இருந்தது. சமீர் வண்டியை எடுத்துக்கொண்டு கேன் தண்ணீருக்காக அலைந்துவிட்டு வெறும் கேனோடு திரும்பினான். எல்லாக் கடையிலும் காலி. இருந்த நல்ல தண்ணீரைத் தஸ்லிம் ஒரு பாட்டிலில் பிடித்து, பிள்ளை குடிப்பதற்கென்று உயரத்தில் எடுத்து வைத்தாள்.

சமையல் மேடையில் மைதா இருந்தது. முட்டை இருந்தது. தண்ணீர் இல்லை.

பாத்ரூம் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணி கொட்டும். அவள் குழாயைப் பார்த்தபடி நின்றாள். ஏழு வருஷமாக அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைப் பிள்ளை வாயில் பட விட்டதில்லை. எதற்காக அந்தப் பாடெல்லாம்? நாளைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்க் கட்டிலில் கட்டப் போகிறார்கள். எப்படியும் இழுக்கப் போகிறாள், இழை அறுந்துபோகும், தட்டைத் தள்ளிவிட்டுப் போகப் போகிறாள். தின்னாத சோற்றுக்கு எந்தத் தண்ணியாக இருந்தால் என்ன? எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் வந்ததும் அவளுக்கு ஒரு வெறி வந்தது. பக்கெட்டைக் குழாய்க்கு அடியில் டம்மென்று வைத்தாள்.

அந்தத் தண்ணீரைத் தெளித்துப் பிசைந்தாள். பிசையும்போது அழுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. மாவு கையில் வேறு மாதிரி நின்றது, இழுத்தால் ரப்பர் போலப் பின்வாங்கியது. அதைக் கவனிக்கும் மனநிலையில் அவள் இல்லை. தேய்த்தாள், மடித்தாள், அரிந்தாள். அதே தண்ணீரை அகலப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு இழைகளை உதறிப் போட்டாள். கரண்டியால் கிளறும்போது ஆவி முகத்தில் அடித்தது. அந்த வாசனை அவளுக்குத் தெரிந்த வாசனை. எங்கே என்று உடனே பிடிபடவில்லை. பாத்திரத்துக்குள் பார்த்தாள். இழைகள் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தன.

வடிகட்டி, எண்ணெய் தடவி, தட்டில் போட்டு மகள் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்னொரு தடவை அறுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

சத்தமே இல்லை. தட்டு தரையில் உரசும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள், அதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். ஆஃப்ஷீன் ஓர் இழையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இழை நீண்டது. இன்னும் நீண்டது. விட்டாள், துள்ளியது. பிள்ளை தொண்டைக்குள் ஒரு சின்னச் சத்தம் போட்டது. முனிவேல் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போடும் அதே சத்தம். பிறகு இழையை வாயில் போட்டு மென்றது. அடுத்ததை எடுத்தது. அப்புறம் இழுத்துப் பார்க்கக்கூட நேரமில்லாமல் இரண்டு கையாலும் அள்ளித் திணித்துக்கொண்டது.

"என்னங்க!" என்று தஸ்லிம் போட்ட கூச்சலில், நைட் ஷிஃப்ட் முடிந்து தண்ணீருக்கும் அலைந்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த சமீர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். இரண்டு பேரும் வாசற்படியில் நின்று, கிட்டே போனால் நின்றுவிடுமோ என்று பயந்தபடி, மகள் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். சமீர் அழுதான். ஆம்பிளை அழக் கூடாது என்பதெல்லாம் அந்த வீட்டில் அன்றைக்குச் செல்லுபடியாகவில்லை.

தட்டு காலியாகும்போதுதான் தஸ்லிமுக்கு அந்த வாசனை எங்கே என்று பிடிபட்டது. சாமல்பட்டி. மஞ்சள் சோற்றின் வாசனை.

போனை எடுத்தாள். முனிவேலுக்குப் போட்டாள்.

"அண்ணா, நீங்க இங்க இருக்கறப்ப வீட்ல எந்தத் தண்ணில செய்விங்க?"

"எந்தத் தண்ணியா? தண்ணிதாம்மா" என்றார் முனிவேல். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நாங்க இருந்தது தொரப்பள்ளி ரோட்டுல லைன் வீடு. அங்க ஏது காவேரி பைப்பு? எல்லாத்துக்கும் போர்தான். ஏம்மா, பாப்பா சாப்புட்டாளா?"

"சாப்புட்டாண்ணா" என்றாள்.

இத்தனை நாள் தண்ணீரைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருக்கிறாள். சமையலுக்கு நல்ல தண்ணி என்பது அவள் ரத்தத்தில் ஊறிய விஷயம், அதைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. சொன்னவருக்கோ இரண்டு தண்ணீர் என்ற பேச்சே கிடையாது.

சமீர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்புட்டாள்ல, அது போதும் தஸ்லி. எந்தத் தண்ணியா இருந்தா என்னா?" என்றான்.

"இது அந்தத் தண்ணிங்க. எங்க ஊரு தண்ணி மாதிரியே."

"அதனால என்னா, பல்லுதான? உசுரு இருக்கே."

"உங்களுக்குப் பல்லு வெள்ள. நீங்க சொல்லுவிங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்களுக்குள் அந்த விஷயம் வாய்விட்டுப் பேசப்பட்டது அதுதான் முதல் தடவை. அலமாரியில் டூத்பேஸ்ட் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனார்கள். சாப்பிட்டாள் என்று கேட்டதும் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். அட்மிஷன் வேண்டாம் என்றார். தஸ்லிம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிப்பு குறைந்தது. அவளிடம் பேசும்போது அவர் பார்வை அவள் பல்லுக்குப் போய் வந்தது.

"இப்போதைக்குச் சாப்பிடட்டும். எடை ஏறணும், அதான் முக்கியம். ஆனா இந்த வயசுல பல்லு உள்ளுக்குள்ள இன்னும் வளந்துட்டு இருக்கும்மா. ரொம்ப நாளைக்கு இது வேணாம். மெதுவா மாத்தப் பாருங்க."

மெதுவாக எப்படி மாற்றுவது என்று ஸ்வாதி சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைக்குத் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. தஸ்லிம் பிடித்துக்கொண்டாள். பைப்பு சரியாகி நல்ல தண்ணி வந்ததும், கொதிக்கிற உப்புத் தண்ணியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணி கலந்தாள். இழை நீண்டது, பிள்ளை தின்றது. தஸ்லிமுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியே ஒவ்வொரு டம்ளராக ஏற்றினால் ரம்ஜானுக்குள் பாத்திரம் முழுக்கக் காவேரிதான் என்று கணக்குப் போட்டாள். கொஞ்ச நாள் விட்டு இரண்டாவது டம்ளரை ஊற்றினாள்.

இழை அறுந்தது. தட்டு நகர்ந்தது. ஆஃப்ஷீன் ஜன்னலுக்குப் போனாள். மறுநாள் பழையபடி செய்து வைத்தும் தொடவில்லை. தஸ்லிம் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது போல, தட்டையே சந்தேகமாகப் பார்த்தாள். அடுத்த நாள் பசியில் சுருண்டு கிடந்து, சாயங்காலம்தான் ஓர் இழையை எடுத்து இழுத்தாள். அந்த இரண்டு நாளும் தஸ்லிமும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. இரண்டாவது டம்ளரைப் பாதியாக்கிப் பார்த்தாள், கால்வாசியாக்கிப் பார்த்தாள். மாவுக்கு உப்புத் தண்ணி, வேகவைக்க நல்ல தண்ணி என்று பிரித்துப் பார்த்தாள். எதை எப்படி மாற்றினாலும் அந்தச் சின்ன விரல்கள் கண்டுபிடித்துவிடும். இன்றுவரைக்கும் ஒரு டம்ளர்தான் செல்லுபடி ஆகிறது. ஒரு பாத்திரம் உப்புத் தண்ணியில் ஒரு டம்ளர் காவேரி. மகளுக்காக அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

நல்ல தண்ணி வரும் காலை நேரத்தில் தெருவே கலகலக்கும். தஸ்லிம் முதல் ஆளாகப் போய் டிரம்மை நிரப்புவாள். அப்புறம் நூடுல்ஸ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பாத்ரூம் குழாய்க்குப் போவாள். ஒருநாள் வெங்கடம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, அங்க காவேரி வருது. நுவ்வு இங்க உப்புத் தண்ணி புடிக்கறியே! காலு கழுவறதுக்கே காவேரி கேட்டவ ஆச்சே!"

எப்போதும் போலக் கையால் வாயை மூடிக்கொள்ள முடியாமல் பாத்திரம் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தது. தஸ்லிம் பாத்திரத்தைக் கீழே வைத்துக் குழாயைத் திறந்தாள்.

அன்று ஆஃப்ஷீன் வயிறு நிறையத் தின்றாள். கன்னம் மறுபடி உப்ப ஆரம்பித்திருந்தது, கழுத்துக் குழி தெரியவில்லை. முன்னால் விழுந்திருந்த பால்பல் இடத்தில் புதுப்பல் அரிசி நுனி போல எட்டிப்பார்த்தது. தின்று முடித்துக் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு மடியில் ஏறி உட்கார்ந்து, அம்மாவின் மேலுதட்டைத் தூக்கினாள். எண்ணெய் விரலைக் கோடுகளின் மேல் ஓட்டினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

பிறகு அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். தன் உதட்டைத் தானே தூக்கி, அந்தப் புதுப்பல்லில் விரலை வைத்துத் தடவினாள். திரும்ப அம்மாவின் பல்லுக்கு வந்தாள். மறுபடி தன் பல்லுக்குப் போனாள். தன்னுடையதில் கோடு எங்கே என்று அவள் தேடுகிறாள் என்பது தஸ்லிமுக்குப் புரிந்தது.

"அங்க இல்லடி கண்ணு" என்றாள் தஸ்லிம், மகளின் விரலைப் பிடித்துக்கொண்டு. "அங்க வேணாம். எங்கிட்டயே இருக்கு பாரு, இதையே தடவிக்க."

பிள்ளை கையை உருவிக்கொண்டு திரும்பவும் தன் பல்லையே தடவிக்கொண்டிருந்தது.